ஏழாவது குண்டு

சாலிகிராமத்தில், மாவு மில்லுக்கு மேல்மாடியில்
ஏசி போட்ட ஓர் அறை.
அங்கேதான் அமெரிக்கப் பாலைவனம்
வாரம் ஒன்றாகத் தமிழ் பேசக் கற்றது.
எனக்குச் சம்பளம் உதட்டைப் பார்க்க.
உதடு மூடினால் "ம்" வர வேண்டும்,
திறந்தால் "ஆ".
மற்றதைப் பார்க்க யாரும் காசு தரவில்லை.

பார்த்துத் தொலைத்தேன்.

ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தெட்டு என்று எழுத்துப் போட்டபின்
வானத்தில் விமானம் இழுத்துப்போன வெள்ளைக் கோடு.
ஷெரீப்பின் மணிக்கட்டில் வாட்ச் கழற்றிய தடம்,
வெயில் படாமல் வெளுத்து.
இடக் கன்னத்துக் காயம்
வாசற்படி தாண்டியதும் வலக் கன்னத்தில்.
குடிக்கக் குடிக்க நிரம்புகிற கோப்பை ஒன்று;
லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசை வைத்த கோடையில்
அதைப் பார்த்து வயிறெரிந்தேன்.

பூர்வகுடித் தலைவனின் தோலாடையில்
முதுகோரம் பல்லிளித்தது ஒரு ஜிப்பு.
சிரித்தேன்.
வசனம் எழுதும் லூர்துமேரி சிரிக்கவில்லை.
"படம் முழுக்க அவனுக்கு மூணே வரி" என்றாள்.
"யார் நிலம்னு ஒருத்தரும் கேக்கலை.
உனக்கு ஜிப்பு தெரியுது."

துரைக்கண்ணு சார் எப்போதும் ஒன்றே சொல்வார்:
"ஆவடியில மத்தியானம் சோத்தைப் பெசஞ்சிக்கிட்டுப் பாக்கிறவன்
எண்ணிக்கிட்டா இருக்கான்? உதட்டைப் பாரும்மா."

நான் எண்ணினேன்.
தானியக் கிடங்கின் கூரைமேல் சண்டை.
கதாநாயகன் கையில் ஆறு குண்டுத் துப்பாக்கி.
ஐந்து, ஆறு,
நிரப்பவேயில்லை,
ஏழு.
சிவப்புக் கழுத்துத்துணிக்காரன் உருண்டு விழுந்தான்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தேசப்பன்
"ஆ" என்றார்.

கும்பல் குரல் தேசப்பன்.
ஓர் அலறலுக்கு இருபது ரூபாய்,
குதிரையோடு விழுந்தால் முப்பது.
வியாசர்பாடியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து சாவார்.
செத்து முடித்ததும் சர்க்கரை தூக்கலாக ஒரு டீ.

கடைசி ரீலில் அதே சிவப்புத் துணி
சாராயக்கடை மூலையில் சீட்டாடிக்கொண்டிருந்தது.
படத்தை நிறுத்தினேன்.
"இவன் செத்துட்டான் சார்."
தேசப்பன் ஹெட்போனைக் கழற்றாமலே கணக்குப் போட்டார்:
"துப்பாக்கியில ஆறுதானே?
ஏழாவது குண்டே கெடையாது.
இல்லாத குண்டுல எவனாச்சும் சாவானா?
ஓட்டும்மா."
சீட்டாடுகிறவனுக்காக ஒரு சிரிப்பும் தந்தார்.
அதற்குக் காசு வாங்கவில்லை.

ஐப்பசி அடைமழையில் ஸ்டான்லி ஆஸ்பத்திரி.
முழங்கால் தண்ணீரில் நான் போய்ச் சேர்ந்தபோது
கட்டில் காலியாக இருந்தது.
தலைமாட்டுச் சீட்டில் தேவப்பன் என்று எழுதியிருந்தார்கள்.
நர்ஸிடம் சொன்னேன்.
பேனா எடுக்கப் போனவர்
திரும்பி வரவில்லை.

இப்போது கம்ப்யூட்டரில் ஒரு பெட்டி:
"தேச. ஆ" ஒன்று முதல் நாற்பத்தொன்று வரை.
போன வாரம் ரோமாபுரிப் போர்.
தோளில் அம்மை ஊசித் தழும்போடு ஒரு படைவீரன்;
மார்பில் அம்பு.
பதினேழாவதை எடுத்து வாயில் வைத்தேன்.
கச்சிதமாகப் பொருந்தியது.
ஐப்பசியில் போன மனிதர்
மாசியில் அலறினார்.
"உதடு பிரமாதம்" என்றார் துரைக்கண்ணு சார்.

ஒவ்வோர் ஆவுக்கும் இருபது ரூபாய்
மேசை இழுப்பறையில் போட்டு வருகிறேன்.
நானூற்று அறுபது சேர்ந்திருக்கிறது.
குதிரையோடு யாரும் இன்னும் விழவில்லை.
அவர் வீட்டம்மா பெயர் தெரியாது,
கொடுக்கும்போது எதற்கென்று சொல்வது, அதுவும் தெரியாது.
வடபழனியில் இறங்கி
எந்த பஸ் மாற வேண்டும் என்று
முதலில் கேட்க வேண்டும்.